ஒரு முள்மரமும் இரு பெயர்களும்

சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பில், செனகல் தொடக்கம் சூடான் வரை நீண்டு கிடக்கும் வரண்ட நிலப்பரப்பில் ஒரு முள்மரம் வளர்கின்றது. தாவரவியலாளர்கள் அதனை பலனைற்றிஸ் எஜிப்ற்றியாக்கா என அழைக்கின்றனர். பாலைவனப் பேரீச்சை என்பது அதன் வழக்குப் பெயர். ஆனாலும் பேரீச்சைக்கும் அதற்கும் எவ்வித உறவுமில்லை.

மழை ஓய்ந்த வரட்சிக் காலத்தில் அதன் பழங்கள் மஞ்சள் நிறமாகக் கனிந்து உதிரும். பெண்களும் சிறுவர்களும் நீண்ட முட்களுக்கு அஞ்சி, மரத்தில் ஏறாமல் நிலத்திலேயே பொறுக்குவர். மெல்லிய தோலை உடைத்தால், பிசின் போன்ற சதை கொட்டையோடு ஒட்டியிருக்கும். இனிப்பும் கசப்பும் கலந்த அதனை மிட்டாய் போல நெடுநேரம் உமிழ்வார்கள். வித்தின் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அதன் கசப்பை நீக்க ஊறவைத்து அவித்து உண்பதும் உண்டு. மழை பொய்த்த ஆண்டிலும் காய்க்கும் மரமாதலால், பஞ்ச காலத்தில் இதுவே பலருக்கு உணவு. பண்டைய எகிப்தின் கல்லறைகளிலும் இதன் கொட்டைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

சூடானில் பழத்தின் பெயர் லாலோப். மரத்தின் பெயர் ஹெக்லிக். இப்பெயரைத் தாங்கிய ஓர் ஊர் 2012 இல் உலகச் செய்தியானது. 2011 ஜூலை 9 இல் தென்சூடான் பிரிந்தபோது எண்ணெய் வளத்தின் பெரும்பகுதி தெற்கே சென்றது. வடக்கில் எஞ்சிய உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி ஹெக்லிக்கிலிருந்தே கிடைத்தது. 2012 ஏப்ரல் 10 இல் தென்சூடான் படைகள் அதனைக் கைப்பற்றின. பத்து நாட்களின் பின் வெளியேறுவதாக அறிவித்தன.

தென்சூடானியர் அவ்வூரை ஹெக்லிக் என்று சொல்வதில்லை. டிங்கா மொழியில் அது பான்தொவ். அவ்வூருக்கு இரு தரப்பும் உரிமை கோரின. ஆனால் 'தொவ்' என்பதும் அதே முள்மரம்தான். அரபு பேசும் இடையரும் டிங்கா இடையரும் அம்மரத்தைக் கண்டே அவ்வூருக்குப் பெயரிட்டனர். நிலத்தடி எண்ணெய் அறியப்படுவதற்கு முன்னர், அந்நிலத்தில் இரு சாராரும் கண்ட செல்வங்களில் அந்தப் பழமும் ஒன்று.

2023 ஏப்ரலில் சூடானில் மீண்டும் யுத்தம் மூண்டது. 2024 ஓகஸ்டில் டார்பூரின் சம்சம் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதிப்படுத்தப்பட்டது. எண்ணெய்க்காகச் சண்டையிட்ட அரசுகளால் அம்மக்களுக்குச் சோறிட முடியவில்லை. பசித்தவர்கள் மீண்டும் காட்டுக் கனிகளையும் இலைகளையுமே தேடினர்.