காலிலிருந்து கைக்கு, ஆய்வகத்திலிருந்து மைதானத்துக்கு: மாற்றுத்திறனாளி வீரர்களின் காற்றில்லாத் திறன் சோதனை வளர்ந்த வரலாறு

முன்னுரை

ஓட்டத்திலும் தாண்டலிலும் எறிதலிலும் தசை முதல் சில நொடிகளுக்கு மூச்சு கொண்டுவரும் ஆக்சிஜனுக்காகக் காத்திருப்பதில்லை. ஏறக்குறைய பத்து நொடி வரை தன்னிடமுள்ள ஏடிபியையும் கிரியேட்டின் பாஸ்பேட்டையும் செலவிடுகிறது. அதன்பின் பெரிதும் கிளைகோஜனைச் சிதைத்து ஆற்றல் பெறுகிறது. இவ்வாறு ஆக்சிஜனை நம்பாமல் உழைக்கும் வல்லமையே காற்றில்லாத் திறன். அதை அளக்கும் சோதனைகள் இரண்டு காலும் இயங்கும் உடலை மனத்தில் வைத்துப் பிறந்தவை. அவை மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு ஏற்ப மாறிய வழியையும், அவற்றுள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியம் போன்ற ஊர்களுக்குக் கைகொடுப்பது எது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

காலை நம்பிய காலம்

டட்லி சார்ஜென்ட் 1921இல் நின்ற இடத்திலிருந்து எம்பும் உயரத்தை அளந்தார். மார்கரியா குழுவினர் 1966இல் படிக்கட்டில் விரைந்து ஏறவைத்துத் திறனைக் கணக்கிட்டனர். 1970களில் இஸ்ரேலின் விங்கேட் நிறுவனத்தில் உருவான 30 நொடி சைக்கிள் சோதனை உலகெங்கும் பரவியது. அதில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 75 கிராம் வீதம் சுமை வைப்பார்கள்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 4.5 கிலோ. ஐந்து நொடியில் எட்டும் உச்சத் திறன், 30 நொடியின் சராசரித் திறன், சோர்வு விகிதம் ஆகிய மூன்றும் கிடைக்கும்.

இதே காலத்தில் மாற்றுத்திறனாளி விளையாட்டு தனி வழியில் வளர்ந்தது. லுட்விக் குட்மன் 1948இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 16 பேருடன் தொடங்கிய வில்வித்தைப் போட்டி, 1960இல் ரோமில் முதல் பாராலிம்பிக்காக விரிந்தது. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலை 37.33 நொடியில் முடித்து இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தார். பெரும்பகுதி காற்றில்லா ஆற்றலில் ஓடும் உழைப்பு அது. அதை அளக்கத்தக்க விங்கேட் சோதனையோ அப்போது வெளிவந்திருக்கவில்லை.

கைக்கு வந்தபோது

சைக்கிள் மிதியைக் கையால் சுழற்றவைத்தால் போதும் என்றே முதலில் தோன்றும். ஆனால் சுமை உடல் எடையைச் சார்ந்தது. தண்டுவடம் பாதித்தவரின் கால்கள் எடையில் சேரும்; உழைப்பில் சேரா. காயம் மேலே செல்லச் செல்ல இயங்கும் தசை குறையும், இடுப்புக்கு மேல் உடலை நிலைநிறுத்துவதும் கடினமாகும். எனவே ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே சுமை பொருந்தாது.

விங்கேட் சோதனையை உருவாக்கியவர்களில் ஒருவரான குழந்தை மருத்துவர் ஓடட் பார்-ஓர், 1990இல் டிரோஷ், ரோசன்பாம் ஆகியோருடன் நரம்பு, தசைக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் கை, கால் இரண்டுக்குமான விங்கேட் சோதனையை நடத்தி, அது செய்யக்கூடியதே என்று காட்டினார். நெதர்லாந்தில் வான் டெர் வவுட் குழுவினர் சக்கர நாற்காலி வீரர்களை, கைமிதியில் அல்லாமல் நாற்காலியைத் தள்ளும் கருவியிலேயே சோதித்து 1997இல் முடிவுகளை வெளியிட்டனர். வீரர் போட்டியில் செய்யும் அசைவையே சோதனையிலும் செய்யவேண்டும் என்ற கொள்கை இவ்வாறு உறுதிப்பட்டது.

மைதானத்துக்கு

அடுத்த திருப்பம் கருவியையே கைவிட்டது. பெருமூளை வாதமுள்ள, நடக்கக்கூடிய சிறுவர்களுக்காக வெர்ஷூரன் குழுவினர் 2007இல் முன்வைத்த சோதனையில் 15 மீட்டரை ஆறு முறை முழுவேகத்தில் ஓடவேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையே பத்து நொடி ஓய்வு. உடல் எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நேரத்தின் கனத்தால் வகுத்தால் திறன் வாட்டில் வரும்.

40 கிலோ எடையுள்ள சிறுவன் 4 நொடியில் ஓடினால் 141 வாட், 4.5 நொடியானால் 99 வாட். நேரத்தின் கனத்தால் வகுப்பதால் சிறு பிழையும் பெருகும். ஓட்டம் முடிந்ததும் ஸ்டாப்வாட்சை நிறுத்த விரல் 0.2 நொடி தாமதித்தாலே 141 வாட் 121 ஆகிவிடும். ஆகவே செலவு குறைந்த இச்சோதனையின் நம்பகம் முழுவதும் நேரம் பார்ப்பவரின் பயிற்சியில்தான் இருக்கிறது.

நம் வட்டாரத்தில்

2019இல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டமான சேலத்தின் பெரியவடகம்பட்டிக்காரர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது கால் சிதைந்தவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிசில் வெண்கலமும் வென்றார். இத்தகைய வீரரை இரண்டு காலாலும் மிதிக்கவைத்தால் வரும் எண் வலது காலின் குறையைச் சொல்லும். ஊன்றி எழும்பும் காலின் வலிமையைச் சொல்லாது. அவருக்கு ஒற்றைக் கால் எம்பலே பொருத்தமான அளவு.

முடிவுரை

இந்த வரலாறு கருவிகளின் முன்னேற்றத்தைவிட, யாருடைய உடலை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்விக்கான விடை மாறிவந்ததையே காட்டுகிறது. ரிஷிவந்தியத்திலோ கல்வராயன் மலை ஊர்களிலோ பயிற்சி தரும் உடற்கல்வி ஆசிரியருக்கு விலையுயர்ந்த சைக்கிள் கருவி தேவையில்லை. 15 மீட்டர் சமதரை, சுண்ணாம்புக் கோடு, எடை பார்க்கும் கருவி, ஒரே ஆள் பார்க்கும் ஸ்டாப்வாட்ச் போதும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு நாற்காலியின் எடை, சக்கரக் காற்று, தரையின் தன்மை ஆகியவற்றையும் குறித்துவைக்கவேண்டும். இவ்வாறு கிடைக்கும் திறன் எண்ணைப் பிறருக்கான அட்டவணையோடு ஒப்பிடாமல், அதே வீரரின் முந்தைய எண்ணோடு ஒப்பிடுவதே நேர்மையான மதிப்பீடு.