கண்டிச் சீமையும் குடிவரவும்

குடிவரவு என்பது ஒரு நிலத்து மக்கள் பிறிதொரு நிலத்தை அடைந்து வாழத் தலைப்படுதலாகும். ஆயின், வந்தோரை அந்நிலம் எவ்வாறு ஏற்றது என்பதிலேயே அதன் சமூகப் பொருள் தங்கியுள்ளது. இதற்குக் கண்டி வரலாறு தக்க சான்றாகும்.

1739இல் ஸ்ரீ விஜய இராசசிங்கன் கண்டி அரியணை ஏறினான். அவன் மதுரையிலிருந்து வந்த அரசியின் உடன்பிறந்தான். அந்நாயக்கர் மரபினர் பௌத்தத்தைப் பேணி, 1815 வரை ஆண்டனர்.

அடுத்த குடிவரவு அரியணையை நாடியதன்று. 1820களில் கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். தோட்டங்கள் பெருகவே, தமிழகத்துத் தொழிலாளர் கங்காணிமார் வழியே வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தனர். பசியாலும் நோயாலும் இடைவழியில் மாண்டோர் பலர். கோப்பி அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. கண்டிக்கு அண்மையில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. எனவே, பருவகால வரவு நிலையான குடியிருப்பாயிற்று, லயம் பிறப்பிடமாயிற்று.

எனினும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அவர்தம் விருப்பம் கேட்கப்படவில்லை. எஞ்சிய நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

முடிசூட வந்தோர் ஒரு தலைமுறைக்குள் கண்டியராயினர். மலையைத் திருத்த வந்தோர் வழியினர்க்கோ ஒன்றே முக்கால் நூற்றாண்டு வேண்டியதாயிற்று. குடிவரவின் பொருளை வந்தவர் மட்டும் வகுப்பதில்லை; ஏற்கும் சமூகமும் வகுக்கின்றது.