யாரிடமிருந்து விடுதலை? இரேன் ஷ்வைட்சரின் பியானோ



நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு சுவிஸ் பியானோ கலைஞரை ஏன் எடுத்துக்கொண்டேன் என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். ஒரு கலையை உருவாக்கியவர்கள் யார், அதன் பெருமை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அதே கேள்வியோடு ஐரோப்பாவின் ஃப்ரீ ஜாஸ் வரலாற்றை அணுகினால், இரேன் ஷ்வைட்சரின் வாழ்க்கை நமக்குப் பல கதவுகளைத் திறந்துவிடுகிறது.

முதலில் ஃப்ரீ ஜாஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். முன்கூட்டி எழுதிய மெட்டையும் மாறாத தாளக்கட்டையும் விலக்கிவிட்டு, இசைப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டபடி அந்த நொடியிலேயே இசையை உருவாக்குவது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கருப்பினக் கலைஞர்களான ஆர்னெட் கோல்மன், சிசில் டெய்லர் போன்றோர் இதை முன்னெடுத்தார்கள். குடியுரிமைப் போராட்டம் வீதியில் நடந்துகொண்டிருந்த காலம் அது.

இரேன் 1941 ஜூன் 2 அன்று ரைன் நதிக்கரையிலுள்ள ஷாஃப்ஹவுசன் நகரில் பிறந்தார். பெற்றோர் உணவகம் நடத்தினார்கள். அதன் கூடத்தில் நடன இசைக்குழுக்கள் வாசிக்கும். அங்கே கேட்டுக் கேட்டுத்தான் சிறுமி இசைக்குள் வந்தார். முதலில் அக்கார்டியன், பிறகு பியானோ. டிரம்ஸும் வாசித்தார். பியானோவையே ஒரு தாளக் கருவியாக அவர் கையாண்டதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். விரல்களோடு முழங்கையும் முன்னங்கையும் சேரும். சில நேரம் பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் கம்பிகளைத் தட்டி வாசிப்பார்.

அவர் வளர்ந்த சுவிட்சர்லாந்தைப் பற்றி ஒரு செய்தி. 1959இல் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று ஆண்களிடம் மட்டும் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். நாடு தழுவிய வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்தது 1971 பிப்ரவரியில். அப்போது இரேனுக்கு வயது 29. ஐரோப்பிய மேடைகளில் அறியப்பட்ட கலைஞராகிவிட்ட பிறகும் சொந்த நாட்டில் அவருக்கு வாக்குச்சீட்டு இல்லை. இசையால் மட்டும் பிழைக்க முடியாததால் பல ஆண்டுகள் அலுவலகச் செயலராக வேலை பார்த்தபடியே வாசித்தார்.

1960களின் தொடக்கத்தில் அவர் சூரிக் வந்து சேர்ந்தார். அங்கே ‘ஆப்பிரிக்கானா’ என்றொரு கஃபே. தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியிலிருந்து வெளியேறிய டாலர் பிராண்ட், பின்னாளில் அப்துல்லா இப்ராஹிம், அங்கேதான் பியானோ வாசித்தார். 1963இல் சூரிக் வந்த டியூக் எலிங்டனைப் பாடகி சதிமா பீ பெஞ்சமின் அந்தக் கஃபேக்கு அழைத்துப் போனதால்தான் உலகம் அவரை அறிந்தது. அடுத்து வந்தது ‘புளூ நோட்ஸ்’ குழு. கிறிஸ் மெக்ரெகர் வெள்ளையர். டூடு புக்வானா, மொங்கேசி ஃபேசா, ஜானி டியானி, லூயிஸ் மொஹோலோ ஆகியோர் கருப்பினத்தவர். இவர்கள் ஒரே மேடையில் நிற்பதே அவர்கள் நாட்டில் ஆபத்தாக இருந்தது. 1964இல் பிரான்ஸில் நடந்த ஓர் இசை விழாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகவில்லை.

இரேன் அவர்களை இரவுதோறும் கேட்டார். தென்னாப்பிரிக்கச் சேரிநகரங்களின் துள்ளும் தாளம் அவர் இடது கையில் குடியேறியது. கடைசிக் காலம் வரை அது போகவில்லை. 1966இல் ஜெர்மனியில் சிசில் டெய்லரைக் கேட்டபோது, இனி நான் எதற்கு வாசிக்க வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு அவர் ஆடிப்போனார். ஆக, அவருடைய ஆசான்கள் கேப் டவுனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்த கருப்பினக் கலைஞர்கள்.

இந்தியாவோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1967இல் அவருடைய மூவர் குழு, சிதார், தபலா, தம்புராக் கலைஞர்களோடு ‘ஜாஸ் மீட்ஸ் இந்தியா’ என்ற இசைத்தட்டைப் பதிவுசெய்தது. ஜெர்மன் விமர்சகர் யோவாகிம் எர்ன்ஸ்ட் பெரென்ட் தயாரித்தது. அழகான இசைதான். ஆனால் எந்த இந்தியாவை ஜாஸ் சந்தித்தது என்று நாம் கேட்க வேண்டும். செவ்வியல் அரங்குகள் ‘இந்திய இசை’ என்று உலகுக்கு அனுப்பிவைத்த ஒன்றைத்தான் ஐரோப்பா சந்தித்தது. பறையின் இந்தியா அந்த அரங்கின் வாசலுக்கு வெளியே நின்றது. ஒடுக்கப்பட்டோரின் இசையான ஜாஸ், இங்கே வந்து ஒடுக்கப்பட்டோரின் இசையைக் காணாமலேயே திரும்பியது. இதற்கு இரேனைக் குற்றம் சொல்ல மாட்டேன். கதவருகே நிற்பவர்கள் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதே இங்கே பிரச்சினை.

1960களின் இறுதியில் ஐரோப்பிய ஜாஸ் அமெரிக்காவிடமிருந்து ‘விடுதலை’ பெற்றுவிட்டது என்று ஜெர்மன் விமர்சகர்கள் எழுதத் தொடங்கினார்கள். யாரிடமிருந்து விடுதலை? வெள்ளையர் நடத்திய இசைத்தட்டு வணிகத்திடமிருந்தா, கருப்பின ஆசான்களிடமிருந்தா? விடுதலை பெற்றதாகச் சொன்ன அந்த மேடைகளிலும் பெரும்பாலும் ஆண்களே நின்றார்கள். இரேன் நீண்ட காலம் அங்கே ஒற்றைப் பெண்ணாக வாசித்தார்.

அவர் தேடிய விடை அமைப்பாவது. தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை மறைக்காமல் பெண்கள் இயக்கத்தில் நின்றார். 1977இல் லண்டனில் லின்ட்சே கூப்பர், மேகி நிக்கல்ஸ் முதலியோர் ‘ஃபெமினிஸ்ட் இம்ப்ரொவைசிங் குரூப்’ தொடங்கினார்கள். இரேன் விரைவிலேயே சேர்ந்தார். அந்தப் பெண்கள் மேடையில் வீட்டு வேலையைப் பகடி செய்தார்கள், சிரித்தார்கள். இவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று சக ஆண் கலைஞர்களே முணுமுணுத்தார்கள். ‘தகுதி’, ‘தரம்’ என்ற சொற்கள் எப்போது வெளியே எடுக்கப்படுகின்றன என்பது இந்த அவையிலுள்ள மாணவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சூரிக்கில் ‘டாக்ட்லோஸ்’ விழாவின் தொடக்கத்திலும் அவர் இருந்தார். 1984இல் அங்கே பதிவான அவருடைய இசையை வெளியிட நிறுவனம் கிடைக்கவில்லை. அதை வெளியிடுவதற்காகவே 1986இல் பாட்ரிக் லான்டோல்ட் ‘இன்டாக்ட்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். முதல் இசைத்தட்டு இரேனுடையது. பிறகு நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகள் அங்கிருந்து வந்தன.

அங்கேயே வெளிவந்தது லூயிஸ் மொஹோலோவோடு அவர் வாசித்த இசைத்தட்டு. பியானோவும் டிரம்ஸும் மட்டும். நெல்சன் மண்டேலா சிறையில் இருந்த காலம் அது. அதே சூரிக்கில், 1968இல் மூன்று பெரிய சுவிஸ் வங்கிகள் கூட்டுச் சேர்ந்து தென்னாப்பிரிக்கத் தங்கத்தை உலகச் சந்தையில் விற்கத் தொடங்கியிருந்தன. ஒரே நகரம் நிறவெறியின் தங்கத்தையும் விற்றது, நிறவெறிக்குத் தப்பியவர்களின் இசையையும் ரசித்தது. அந்த நகரத்தில் நின்று மொஹோலோவின் பக்கத்தில் வாசிப்பது என்பது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது.

அந்தத் தோழமைக்கும் ஓர் எல்லை இருந்தது. இரேனால் ஒவ்வோர் இரவும் தன் வீட்டுக்குப் போக முடிந்தது. அவர்களால் முடியவில்லை. ஃபேசா 1975இல், 30 வயதில், லண்டனில் இறந்தார். டியானி 1986இல் மேற்கு பெர்லினில். மெக்ரெகரும் புக்வானாவும் 1990இல், மண்டேலா விடுதலையான சில மாதங்களில். ஐவரில் மொஹோலோ ஒருவர்தான் 2005இல் நாடு திரும்பி வாழ்ந்தார்.

இரேனுக்கு 2018இல் சுவிஸ் அரசின் உயரிய இசை விருது கிடைத்தது. 2024 ஜூலை 16 அன்று சூரிக்கில் காலமானார். ஐரோப்பிய இசையின் முன்னோடி என்று அவரைப் போற்றுகிறார்கள். போற்றட்டும். அவருடைய கைகளில் ஒலித்த தாளம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை இந்த அவையில் நினைவுகூர்கிறேன்.

நம் கலைகளைக் கற்க இன்று பலர் வருகிறார்கள். வரட்டும், வரவேற்போம். கற்றவர்கள் யாரிடம் கற்றோம் என்று பெயர் சொல்கிறார்களா, கற்றுத் தந்தவர்களோடு சமமாக மேடையில் நிற்கிறார்களா, அவர்களுடைய போராட்டத்தில் பக்கத்தில் இருக்கிறார்களா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் தோழமை என்ற சொல்லை நாம் பயன்படுத்த வேண்டும்.