15 மாடி, 75,000 டாலர்: ஹோட்டல் செட்டில்ஸ் கதை

ஹோட்டல்னு சொன்னதும் நம்மில் பாதிப் பேருக்கு இட்லியும் சாம்பாரும்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு நான் பேசப்போறது தங்குற ஹோட்டல் ஒண்ணைப் பத்தி.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மேற்குப் பக்கம், பிக் ஸ்பிரிங்னு ஒரு சின்ன ஊர். 2010 கணக்கெடுப்பின்படி சுமார் 27,000 பேர். அந்த ஊரின் நடுவில் 15 மாடியோட ஒரு கட்டடம் நிக்குது. பேரு ஹோட்டல் செட்டில்ஸ். 2006இல் இது 75,000 டாலருக்குக் கைமாறியது. அமெரிக்காவில் பல ஊர்களில் அந்தப் பணத்துக்கு ஒரு சாதாரண வீடு கூடக் கிடைக்காது. ஒரு 15 மாடி ஹோட்டல் எப்படி அந்த நிலைமைக்கு வந்துச்சு? அதை ஒருத்தர் ஏன் வாங்கினார்?

முதல்ல ஊரைப் பார்ப்போம். பிக் ஸ்பிரிங்னா பெரிய ஊற்று. வறண்ட பூமியில் தண்ணி கிடைச்ச இடம். 1881இல் ரயில் பாதை வந்தது. நீராவி இன்ஜினுக்குத் தண்ணி வேணும், ஊருக்கும் வேணும். ரெண்டு பேரும் இறைச்சு இறைச்சு, 1920களின் நடுவில் ஊற்று வத்தியே போச்சு. இன்னைக்கு அந்த இடத்தில் நீங்க பார்க்கிறது வேற இடத்திலிருந்து கொண்டுவந்து நிரப்புற தண்ணி.

கிட்டத்தட்ட அதே வருஷங்களில்தான் பூமிக்கு அடியில் எண்ணெய் கிடைச்சுது. 1920இல் 4,273 பேர் இருந்த ஊரில், 1930இல் 13,735 பேர். பத்து வருஷத்தில் மூணு மடங்குக்கு மேல! இத்தனை பேர் வந்தா தங்க இடம் வேணுமே.

வில் செட்டில்ஸ், லிலியன் செட்டில்ஸ்னு ஒரு தம்பதி. மாட்டுப் பண்ணைக்காரங்க. அவங்க நிலத்திலும் எண்ணெய் வந்துச்சு. வந்த பணத்தை ஊருக்கு நடுவிலேயே போட்டாங்க. செலவு சுமார் 5 லட்சம் டாலர், 150 அறைகள். அபிலீன் நகரத்துக் கட்டடக் கலைஞர் டேவிட் காசில் வடிவமைச்சார். மேற்கு டெக்சஸில் அன்னைக்கு இது அபூர்வமான உயரம். சுத்திலும் சமவெளி. ஊருக்குள்ள வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஹோட்டல் கண்ணுக்குத் தெரிஞ்சுடும்.

1930 அக்டோபர் 1. ஹோட்டல் திறந்தாச்சு. இந்தத் தேதியை ஞாபகம் வச்சுக்கோங்க.

அதே அக்டோபர் முதல் வாரத்தில், டெக்சஸின் கிழக்குக் கோடியில், டெய்சி பிராட்ஃபர்ட் 3 என்ற கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. அதுக்கு அடியில் இருந்தது அதுவரை அமெரிக்கா பார்க்காத அளவு பெரிய எண்ணெய் வயல். ஆளாளுக்குக் கிணறு தோண்டினாங்க. நாடே பெருமந்தத்தில் மாட்டி, வாங்குறதுக்கு ஆள் குறைஞ்சுகிட்டிருந்த நேரம் அது. விளைவு? பேரல் ஒரு டாலர் அளவில் இருந்த எண்ணெய், 1931இல் பத்து, பதினைஞ்சு சென்ட்டுக்கு இறங்கிடுச்சு. கிணறுகளை மூட வைக்க ஆளுநர் படையையே அனுப்ப வேண்டியிருந்தது.

எண்ணெயை நம்பிக் கடன்பட்ட யாருக்கும் இது தாங்காது. செட்டில்ஸ் தம்பதியும் சீக்கிரமே ஹோட்டலை இழந்துட்டாங்க. பேர் மட்டும் கட்டடத்தில் தங்கிடுச்சு. இந்தக் கதையில் எனக்கு ரொம்ப உறுத்துற இடம் இதுதான். அவங்க செஞ்சதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. சம்பாதிச்சதை சொந்த ஊரிலேயே போட்டாங்க, அவ்வளவுதான்.

ஹோட்டல் மட்டும் ஓடுச்சு. இரண்டாம் உலகப்போரில் ஊரில் விமானப் பயிற்சித் தளம் வந்தது. பின்னாடி அது வெப் விமானப்படைத் தளமாச்சு. வீரர்கள், அவங்க குடும்பங்கள்னு ஊரில் கூட்டம் இருந்தது. அப்புறம் நெடுஞ்சாலை ஊரின் வடக்கு ஓரமா போக, கார்ல வர்றவங்க சாலையோர மோட்டல்லயே தங்கிட்டாங்க. 1977இல் விமானத் தளத்தையும் மூடிட்டாங்க. 1980களின் தொடக்கத்தில் ஹோட்டலுக்கும் பூட்டு.

அதுக்கப்புறம் ஏறக்குறைய முப்பது வருஷம். ஜன்னல்கள் உடைஞ்சு, மழைத்தண்ணி இறங்கி, மாடிகளெல்லாம் புறாக்களுக்குச் சொந்தம். சின்ன ஊரில் இவ்வளவு பெரிய கட்டடம் பாழடைஞ்சா மறைக்கவும் முடியாது. எந்தத் தெருவில் நின்னாலும் தெரியும். இடிச்சுடலாம்னு பேச்சு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

2006இல் வாங்கினவர் பிரிண்ட் ரயன். டாலஸில் பெரிய வரி ஆலோசனை நிறுவனம் நடத்துறவர், ஆனா வளர்ந்தது பிக் ஸ்பிரிங்ல. புதுப்பிக்க ஆன செலவு சுமார் 3 கோடி டாலர். பழைய காலத்துச் சின்ன அறைகளைச் சேர்த்துப் பெரிசாக்கினதில் 150 அறை 65 ஆச்சு. 2012 டிசம்பர் கடைசியில் மறுபடி திறந்தாங்க.

இப்போ ஒரு கணக்குப் போடுவோம். 3 கோடியை 65ஆல வகுத்தா, ஒரு அறைக்கு 4.6 லட்சம் டாலர். ஒரு பேச்சுக்கு, ஒரு ராத்திரிக்கு 150 டாலர் வாடகை, வருஷம் முழுக்க எல்லா அறையும் ஃபுல்னு வச்சுக்குவோம். அப்பவும் வருமானம் சுமார் 35 லட்சம்தான். சம்பளம், கரண்ட், வரியெல்லாம் அதுக்குள்ளதான் வரணும். லாபம் மட்டுமே பார்க்கிற ஆள் இதில் கை வைப்பாரா? மாட்டார். இது ஊர்ப் பாசம் போட்ட பணம்.

நல்ல விஷயம்தான், ஆனா என்னால முழுசா சந்தோஷப்பட முடியலை. அதே டெக்சஸில் மினரல் வெல்ஸ்னு இன்னொரு சின்ன ஊர். அங்கே 1929இல் திறந்த 14 மாடி பேக்கர் ஹோட்டல் 1972இல் மூடப்பட்டு, பல பத்தாண்டுகளா ஆள் இல்லாம கிடந்துச்சு. பணக்காரப் பிள்ளை பிறக்காத ஊரோட வரலாறு என்ன ஆகும்? ஒரு தனி மனுஷரோட பாசத்தை நம்பி ஊரின் ஞாபகம் இருக்கக் கூடாது. நகராட்சி, அரசு, ஊர்க்காரங்க எல்லாரும் கட்டடம் நல்லா இருக்கும்போதே கூரையைக் கவனிச்சா, செலவு 3 கோடிக்குப் போகாது. புறா குடிவந்த பிறகு எல்லாமே விலை ஜாஸ்தி.

2014 கடைசியில் எண்ணெய் விலை மறுபடி சரிஞ்சுது. 1931 மாதிரியே ஊர் அடிவாங்குச்சு. ஆனா ஹோட்டல் மூடலை. காரணம், அதுக்குள்ள போட்ட பணம் அந்த ஊர் எண்ணெயை மட்டும் நம்பி வந்ததில்லை.

உங்க ஊர்லயும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், பழைய கடைத்தெருவில், இப்படி ஒரு கட்டடம் பூட்டிக் கிடக்கலாம். அது யாருக்குச் சொந்தம், எப்போ மூடினாங்க, ஏன் மூடினாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.