சமூக ஆதரவுப் பண்ணையின் பருவ அறுவடை

சமூக ஆதரவுப் பண்ணை என்பது, பருவம் தொடங்குமுன்பே உறுப்பினர்கள் பணம் கட்டி, விளைச்சலில் வாராவாரம் பங்கு பெறும் முறை. ஜப்பானில் 1970களில் 'தெய்கெய்' என்ற பெயரில் பரவியது. அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸின் இந்தியன் லைன் பண்ணை இதன் முன்னோடிகளுள் ஒன்று. தக்காளியைக் கருகல் நோய் தாக்கினால் எல்லோர் கூடையும் இளைக்கும். நட்டம் விவசாயி தலையில் மட்டும் விழாததே இதன் பெருஞ்சிறப்பு.

மாசசூசெட்ஸ் பகுதியில் ஜூன் கூடையில் லெட்டூஸ், முள்ளங்கி, பட்டாணியுடன் சுருண்டு வளரும் பூண்டுத் தண்டும் வரும். அதை ஒடித்துவிட்டால் மண்ணுக்குள் பூண்டு நன்கு பருக்கும். ஆகஸ்டில் தக்காளி, மக்காச்சோளம், அக்டோபரில் பரங்கி. உறைபனி பட்டபின் பறிக்கும் கேல் கீரைக்குத் தனி ருசி: குளிரைத் தாங்க இலைகளில் சர்க்கரை கூடுவதால் கசப்பு அடங்கி இனிக்கும்.