ஆறு வெற்றி, நான்கு தோல்வி: மார்க்கு கனேர்வாவின் பயிற்றுநர் வாழ்வு குறித்து ஒரு மறுமதிப்பீடு

2019 நவம்பரில் முடிந்த ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பின்லாந்து ஆடவர் அணி 10 ஆட்டங்கள் ஆடியது. 6 வெற்றி, 4 தோல்வி, 18 புள்ளிகள். 2023 நவம்பரில் முடிந்த அடுத்த தகுதிச் சுற்றிலும் 10 ஆட்டங்கள், 6 வெற்றி, 4 தோல்வி, 18 புள்ளிகள். வாங்கிய கோல்கள்கூட இரண்டிலும் 10தான். அடித்த கோல்கள் மட்டும் 16-லிருந்து 18-ஆகக் கூடின. இரண்டு சுற்றுகளுக்கும் பயிற்றுநர் மார்க்கு கனேர்வா. முதல் கணக்கு அவரை நாட்டின் நாயகனாக்கியது. இரண்டாவது கணக்கு அவர் பதவியில் நீடிக்கலாமா என்ற கேள்வியை எழுப்பியது.

வேறுபாடு புள்ளிப் பட்டியலில் இருந்தது. 2019-இல் இத்தாலி பத்து ஆட்டங்களையும் வென்று 30 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தது. மூன்றாவதாக வந்த கிரீஸுக்குக் கிடைத்தவை 14 புள்ளிகளே. எனவே 18 புள்ளிகள் இரண்டாம் இடத்துக்குத் தாராளமாகப் போதின. 2023-இல் டென்மார்க்கும் ஸ்லோவேனியாவும் ஆளுக்கு 22 புள்ளிகள் எடுத்தன. அதே 18 மூன்றாம் இடத்தில் நின்றது. ஒருமுறை பின்தொடர்ந்தவரைவிட நான்கு புள்ளி முன்னே, மறுமுறை முன்சென்றவர்களைவிட நான்கு புள்ளி பின்னே. தகுதி பெற்றதா இல்லையா என்பதை மட்டும் வைத்து ஒரு பயிற்றுநரை எடைபோடும் வழக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கனேர்வாவின் பணியை அவர் அணிக்குக் கற்பித்த முறையை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பதும், அந்த முறையின் வலிமையும் எல்லையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கனேர்வா 1964-இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். தலைநகரின் ஹெச்.ஜே.கே. கழகத்தில் தடுப்பாட்டக்காரராக வளர்ந்து, ஸ்வீடனின் எல்ஃப்ஸ்போரியிலும் பின்னர் ஃபின்பா கழகத்திலும் ஆடினார். நாட்டுக்காக 59 ஆட்டங்கள், ஒரே ஒரு கோல். ஆட்டக்காரராக அவர் பெயர் ஐரோப்பா அறிந்த பெயரல்ல. அவர் காலத்தின் பிற்பகுதியில் எழுந்த யாரி லித்மானென் அயாக்ஸ் அணியோடு 1995-இல் சாம்பியன்ஸ் லீகை வென்றார். சமி ஹூப்பியா லிவர்பூலோடு 2005-இல் வென்றார். அந்தப் பொற்கால வரிசை இருந்தும் பின்லாந்து ஆடவர் எந்தப் பெரும் போட்டிக்கும் போகவில்லை. 1997 அக்டோபரில் ஹெல்சிங்கியில் ஹங்கேரிக்கு எதிராக வென்றால் உலகக் கோப்பைக்கான பிளே-ஆஃப் என்ற நிலையில், கடைசி நிமிடங்களில் தங்கள் வலைக்குள்ளேயே பந்து புகுந்து 1-1 ஆன ஆட்டத்தை அந்நாட்டு ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை.

கனேர்வாவின் இன்னொரு தகுதி இங்கே முக்கியமாகிறது. அவர் பயிற்சி பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், வகுப்பறையில் பணியாற்றியவர். இந்தத் தகவலைப் பத்திரிகைகள் சுவைக்காகச் சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். நான் அதை விளக்கத்தின் மையத்தில் வைக்கிறேன். 2004 முதல் 21 வயதுக்குட்பட்டோர் அணியைப் பொறுப்பேற்ற அவர், 2009-இல் ஸ்வீடனில் நடந்த அப்பிரிவின் ஐரோப்பியப் போட்டிக்கு அணியை முதன்முறையாகக் கொண்டு சென்றார். அங்கே இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின் மூன்றிடமும் தோல்வி. ஆனால் இங்கிலாந்துக்கு எதிராகப் பெனால்டியில் கோல் அடித்த டிம் ஸ்பார்வ்தான் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து கோபன்ஹேகனில் நடந்த ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தில் மூத்தோர் அணித் தலைவராகக் களமிறங்கினார். ஒரே ஆசிரியரிடம் ஒரே பாடத்தை இளமையிலும் நடுவயதிலும் படித்த ஆட்டக்காரர்கள் தேசிய அணியில் அமைவது அரிது. தேசிய அணிப் பயிற்றுநருக்கு ஆண்டில் சில வாரங்களே ஆட்டக்காரர்கள் கைக்கு வருவார்கள். கழகப் பயிற்றுநர் தினமும் திருத்துவதை இவர் முன்கூட்டியே ஊட்டியிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது பின்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தொலைநோக்கைப் பாராட்டிவிட முடியாது. சங்கம் அவரை நம்பவே தயங்கியது. 2011 தொடக்கத்தில் இடைக்காலப் பொறுப்பு; பிறகு மிக்ஸு பாதெலாய்னெனுக்கு உதவியாளர். 2015-இல் பாதெலாய்னென் நீக்கப்பட்டதும் மீண்டும் இடைக்காலம். அந்த இலையுதிர் காலத்தில் கிரீஸையும் ஃபரோ தீவுகளையும் 1-0 என வென்று, ருமேனியாவோடும் வட அயர்லாந்தோடும் 1-1 எனச் சமன் செய்து, நான்கு ஆட்டங்களிலும் தோற்காமல் முடித்தார். ஆனால் ஆண்டு முடிந்ததும் தலைமைப் பதவி ஸ்வீடன்காரரான ஹான்ஸ் பாக்கெவுக்குப் போனது. 2016 முழுவதும் பின்லாந்து ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. ஆண்டு முடிவில்தான் கனேர்வா நிரந்தரப் பயிற்றுநரானார். வெளியிலிருந்து வரும் பெயர்மீதான மயக்கம் ஓர் ஆண்டை விழுங்கியது என்பது என் கணிப்பு.

அவர் கற்பித்தது என்ன? 2018-இன் நேஷன்ஸ் லீக் முடிவுகள் பதில் சொல்கின்றன: ஹங்கேரியை 1-0, எஸ்டோனியாவை இருமுறையும் 1-0, கிரீஸை 2-0. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்கவில்லை. பின்னர் இரண்டு தோல்விகள் வந்தும் பிரிவில் முதலிடம் உறுதியானது. 2019 தகுதிச் சுற்றில் பெற்ற ஆறு வெற்றிகளிலும் எதிரணி கோலே அடிக்கவில்லை. வரிசைகளுக்கு இடையே இடைவெளி விடாத தற்காப்பு, பந்து கைமாறியதும் முன்கள ஆட்டக்காரர் தேமு புக்கியை நோக்கி விரைந்து செல்லும் பாஸ். பாடம் சிறியது, திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2008 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ராய் ஹாட்ஜ்சன் பயிற்றுவித்த பின்லாந்து 14 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்று, 7 கோல்களே வாங்கி, போர்ச்சுகல், போலந்து, செர்பியாவுக்குப் பின்னால் நான்காவதாக முடித்தது. தற்காப்புதான் அளவுகோல் என்றால் அந்த அணியே மேல். 16 நாடுகளாக இருந்த போட்டி 24 நாடுகளாக விரிந்ததால்தான் கனேர்வாவுக்குக் கதவு திறந்தது என்று இதிலிருந்து வாதிடலாம். பாதி உண்மை. பிரிவுகள் பெருகியதால் ஒவ்வொன்றிலும் வலிய அணிகள் குறைந்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் இரண்டு முறைகளிலும் பிரிவின் முதல் இரண்டு அணிகளே நேரடியாகத் தகுதி பெற்றன. மேலும் 2020 போட்டிக்கான குலுக்கலில் அணிகளின் தரவரிசை நேஷன்ஸ் லீக் முடிவுகளால் அமைந்தது. பின்லாந்து மூன்றாம் வரிசையில், கிரீஸ் நான்காம் வரிசையில் வைக்கப்பட்டன. அந்த நிலையை முந்தைய ஆண்டின் நான்கு வெற்றிகளே சம்பாதித்துக் கொடுத்தன.

இரண்டாவது மறுப்பு புக்கி. 2019 தகுதிச் சுற்றின் 16 கோல்களில் 10 அவருடையவை. அவர் இல்லாமல் 2019 நிகழ்ந்திருக்காது. ஆனால் அதே புக்கி பாக்கெயின் காலத்திலும் இருந்தார். ஆட்டக்காரனின் திறமை பயன்படும் இடத்துக்குப் பந்து போய்ச் சேர ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. கனேர்வா கொடுத்தது அதைத்தான்.

2019 நவம்பர் 15 அன்று ஹெல்சிங்கியில் லீக்டென்ஸ்டைனை 3-0 என வென்றதும் களம் ரசிகர்களால் நிறைந்தது. நாட்டின் முதல் தகுதி என்று உலகச் செய்திகள் எழுதின. அது ஆடவருக்கு மட்டுமே முதல். பின்லாந்து மகளிர் அணி 2005-லேயே ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதி வரை சென்றிருந்தது. ஆய்வாளர்களும் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விடுவது வருத்தம் தருகிறது.

ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்குக்கு எதிரான 2021 ஜூன் 12, கோபன்ஹேகன் ஆட்டத்தை அவருடைய உச்சமாகக் காட்டுவோர் பலர். நான் உடன்படவில்லை. டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் களத்தில் சரிந்து, உயிர் மீண்ட செய்தி வந்தபின் தொடர்ந்த ஆட்டம் அது. டென்மார்க் இருபதுக்கும் மேற்பட்ட முறை கோலை நோக்கி உதைத்தது; பின்லாந்து ஒரே முறை. யோயல் போஹ்யான்பாலோ தலையால் முட்டிய அந்தப் பந்து கோலானது; கோல்காப்பாளர் லூகாஸ் ஹ்ராடெட்ஸ்கி ஒரு பெனால்டியைத் தடுத்தார். 1-0. கலங்கிப்போன எதிரணிக்கு எதிரான இந்த முடிவிலிருந்து எந்தப் பயிற்சி முறையையும் நிறுவக் கூடாது. முறைக்குச் சான்று வேண்டுமானால் 2020 நவம்பரில் உலகச் சாம்பியன் பிரான்ஸை அதன் மண்ணிலேயே 2-0 என வென்ற நட்பு ஆட்டத்தையோ, 2021 நவம்பரில் செனிட்சாவில் பத்துப் பேரோடு போஸ்னியாவை 3-1 என வென்றதையோ பார்க்கலாம்.

எல்லையும் இங்கேதான் தெரிகிறது. ஒரு தலைமுறைக்கு ஆழமாக ஊட்டிய பாடம் அடுத்த தலைமுறைக்குத் தானாகக் கைமாறவில்லை. ஸ்பார்வ் போன்றோர் விலகியபின் வந்த இளைஞர்கள் பந்தை அதிகம் வைத்திருக்கும் கழகங்களில் வளர்ந்தவர்கள். அவர்களை இளமையில் கனேர்வா பயிற்றுவிக்கவில்லை. 2023 அக்டோபரில் சொந்த மண்ணில் கஜகஸ்தானுக்கு எதிராக முன்னிலையில் இருந்து 1-2 எனத் தோற்றதும், 2024 மார்ச்சில் கார்டிஃபில் வேல்ஸிடம் பிளே-ஆஃபில் 1-4 எனத் தோற்றதும் எச்சரிக்கைகள். அவ்வாண்டு நேஷன்ஸ் லீகில் இங்கிலாந்து, அயர்லாந்து, கிரீஸ் ஆகியவற்றோடு ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. அடித்தது 2, வாங்கியது 13. 1-0 என வெல்லப் பழகிய அணி கோல் தடுக்கும் திறனை இழந்தபோது அதனிடம் மாற்று வழி இருக்கவில்லை. அந்த மாற்றை உருவாக்க எட்டு ஆண்டுகள் அவருக்கு இருந்தன. இந்தக் குறையை அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

2024 முடிவில் அவர் விலக, டென்மார்க்கின் யாகோப் ஃப்ரீஸ் அமர்த்தப்பட்டார். கனேர்வாவுக்குப் பின் யார் என்பதைவிட, 2004-இல் அவர் ஏற்றது போன்ற இளையோர் அணிப் பொறுப்பில் இன்று யார், எத்தனை ஆண்டுகளுக்கு விடப்படுகிறார் என்பதே பின்லாந்துக் கால்பந்தை ஆய்வோர் தேடிச் செல்ல வேண்டிய தரவு.