இமயமலையின் தொடக்கம்: சிர்க்கான் மணிகள் காட்டும் காலவரிசை

இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதியதால் இமயமலை எழுந்தது என்பதில் நிலவியலாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மோதல் எப்போது தொடங்கியது என்பதில்தான் விவாதம். வடக்கு நோக்கி விரைந்த இந்தியாவின் வேகம் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வெகுவாகக் குறைந்ததைக் கடல்தரையின் காந்தப் பதிவுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் பாட்ரியாவும் அஷாஷும் 1984-இல் விளக்கினர். பலர் அதையே மோதலின் காலமாகக் கொண்டனர். திபெத்திய மணற்கற்களில் கிடைத்த சிர்க்கான் மணிகள் அந்தக் காலத்தை ஏறத்தாழ 90 லட்சம் ஆண்டுகள் முன்னதாக்கியுள்ளன. அந்த மாற்றத்தின் அடிப்படையையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முறை

பாறைக்குழம்பு உறையும்போது பிறக்கும் சிர்க்கான் படிகம் யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தைப் பெரும்பாலும் விலக்கும். பின்னாளில் அதனுள் காணும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியச் சிதைவில் விளைந்ததே. யுரேனியம்-238-இன் அரைவாழ்வு 447 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235-க்கு 70.4 கோடி. இரு சிதைவுகளும் ஒரே வயதைத் தந்தால் அந்த வயதை நம்பலாம்.

தாய்ப்பாறை சிதைந்த பின்னும் சிர்க்கான் அழியாமல் ஆற்றோடு சென்று மணலில் படிகிறது. தனி மணியின் வயது அது பிறந்த காலத்தை மட்டுமே சொல்லும். மணல் எங்கிருந்து வந்தது என்பதை வயதுகளின் தொகுப்பே காட்டும். மணலில் 5 விழுக்காடேனும் இடம்பெறும் எந்த வயதுப் பிரிவும் விடுபடவில்லை என 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல 117 மணிகளை அளக்க வேண்டும் என்று பீட்டர் வெர்மீஷ் 2004-இல் கணித்தார்.

இரு கரைகளின் மணல்

மோதலுக்கு முன் இரு நிலங்களையும் பிரித்த டெதிஸ் கடலின் தென்கரையில் இந்தியா இருந்தது. அங்கிருந்து வந்த மணலில் 50 கோடி, 90 கோடி ஆண்டுப் பழமையான மணிகளும் அவற்றினும் மூத்தவையும் மிகுதி. வடகரையில் ஆசியாவின் லாசா நிலத்துண்டு. கடல்தரை அதன் அடியில் அமிழ்ந்ததால் உருவான காங்டீஸ் எரிமலைத் தொடர், 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்ட மணிகளை ஏராளமாகத் தந்தது. ஹாஃப்னியம் ஐசோடோப்புகளும் இவற்றைப் பிரித்தறிய உதவுகின்றன: காங்டீஸ் மணிகளில் பெருவாரியானவை மூடகத்திலிருந்து புதிதாக வந்த குழம்பின் இயல்பைக் கொண்டவை.

சாங்டான்லின் சான்று

தென் திபெத்தில் சாங்டான்லின் என்னுமிடத்தில் இந்திய ஓரத்தின் ஆழ்கடல் படிவுகள் வெளிப்பட்டுள்ளன. கீழடுக்குகளில் குவார்ட்ஸ் மணற்கல்; மணிகளின் வயது இந்தியாவுக்குரியது. மேலடுக்குகளில் எரிமலைப் பாறைத் துணுக்குகளும் காங்டீஸ் வயதுகளும் தோன்றுகின்றன. ஆசியாவின் முன்னால் ஆழ்கடல் அகழி திறந்திருந்தவரை ஆசிய மணல் அதிலேயே தங்கியிருக்கும். அது இந்திய ஓரத்தில் படிந்தது என்றால் இடைவெளி அடைபட்டுவிட்டது என்றே பொருள். நுண்புதைபடிவங்களின் துணையோடு சியூமியான் ஹூ, எடுவார்டோ கார்சாந்தி உள்ளிட்டோர் 2015-இல் இந்த மாற்றத்தை 5.9 கோடி ஆண்டுகளுக்கு முன் வைத்தனர். பிழை வரம்பு 10 லட்சம் ஆண்டுகள்.

மறுப்புகள்

வான் ஹின்ஸ்பெர்கன் குழுவினர் 2012-இல் வேறு விளக்கம் அளித்தனர். முதலில் மோதியது இந்தியாவிலிருந்து முன்பே பிரிந்த சிறு நிலத்துண்டு. இந்தியப் பெருநிலம் மிகவும் பின்னரே வந்து சேர்ந்தது என்பது அவர்கள் கருத்து. பிரிந்த துண்டின் மணலும் இந்திய வயதுகளையே காட்டும் என்பதால் சாங்டான்லின் சிர்க்கான் மட்டும் இதைத் தீர்க்காது. மேலும், பழைய மணற்கல் அரிக்கப்பட்டு மணிகள் மறுபடி படியக்கூடும். பசால்ட் போன்ற பாறைகள் சிர்க்கானைக் குறைவாகவே தருவதால் அவற்றின் பங்கு கணக்கில் மறைந்துவிடும்.

முடிவு

ஆகவே 5.9 கோடி என்பது ஆசிய மணல் அந்த ஓரத்தை எட்டிய காலம். 5 கோடி என்பது இந்தியத் தட்டின் வேகம் தளர்ந்த காலம். இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. நீண்ட மோதலின் அடுத்தடுத்த கட்டங்கள். பிந்தைய கட்டங்களுக்கும் மணலே சான்று: வங்கதேசத்தின் சுர்மா படுகையில் ஏறத்தாழ 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே காங்டீஸ் மணிகள் வந்து சேர்ந்தது, திபெத்தின் யார்லுங் சாங்போ ஆறு அப்போதே பிரம்மபுத்திராவோடு இணைந்திருந்ததைக் காட்டுகிறது. மலை எழுந்த வரலாற்றை ஒற்றை ஆண்டுக்கணக்கில் அடக்குவதைவிட, மணலின் ஊற்று மாறிய ஒவ்வொரு தருணத்தையும் இடம்தோறும் தேதியிட்டு அடுக்குவதே சரியான வழி.